ஒரு ‘ர்’ போட்டால் என்ன?

ஐந்தாம் வகுப்புத் தமிழ் நோட்டு ஒன்றில் நான் ஃபெயிலான கதையை இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

என் மகளின் வகுப்பில் மூவிடப்பெயர் நடத்தியிருக்கிறார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை. நான், நீ, அவன். நீங்களும் நானும் உடம்பை ஆட்டி ஆட்டி ஒப்பித்ததுதான். ‘கண்ணன் வந்தான், கண்ணன் சாப்பிட்டான், கண்ணன் தூங்கினான்’ என்று மூன்று தடவை கண்ணனை இழுக்காமல் ‘அவன்’ என்று போட்டு வேலையைச் சுலபமாக்குவது. பெயருக்குப் பதிலாக வருவதால் இதற்குப் பிரதிப்பெயர் என்றும் சொல்வார்கள். இதில் என்ன பெரிய தத்துவம் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுப்பாடமாகப் பத்துப் பெயர்கள் கொடுத்திருந்தார் தமிழ் மிஸ். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான படர்க்கைப் பெயர் போட்டு வாக்கியம் எழுத வேண்டும். மிஸ் கெட்டிக்காரர். ‘தோட்டக்காரன்’ என்று கொடுத்தால் கடைசியில் இருக்கும் ‘ன்’ விடையைச் சொல்லிவிடும். ‘அரசர்’ என்றால் ‘ர்’ சொல்லிவிடும். அதனால் தினமும் நம் வாயில் புழங்கும் இங்கிலீஷ் பெயர்களாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். டாக்டர், கலெக்டர், இன்ஸ்பெக்டர், பிளம்பர், ஆட்டோ டிரைவர், வாட்ச்மேன்... டாக்டரும் பிளம்பரும் ஒரே ‘ர்’ரில்தான் முடிகிறார்கள். ஆனால் அது மரியாதைக்கு வந்த தமிழ் ‘ர்’ இல்லை. எனவே யாருக்கு என்ன போடுவது என்பதைக் குழந்தையேதான் முடிவு செய்தாக வேண்டும்.

என் மகள் முடிவு செய்திருந்தாள். டாக்டர்: அவர் ஊசி போட்டார். கலெக்டர்: அவர் கொடி ஏற்றினார். இன்ஸ்பெக்டர்: அவர் திருடனைப் பிடித்தார். பிளம்பர்: அவன் குழாயை ரிப்பேர் செய்தான். ஆட்டோ டிரைவர்: அவன் வேகமாக ஓட்டினான். வாட்ச்மேன்: அவன் கேட்டைத் திறந்தான்.

ஏழு வாக்கியங்களுக்கு மிஸ் ரைட் போட்டிருந்தார். கடைசி மூன்றுக்கும் ரைட்டும் இல்லை, தப்பும் இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை: ‘ஏன்?’

அதற்குக் கீழே என் மகள் பென்சிலால் பதில் எழுதியிருந்தாள். ‘அப்பா அப்படித்தான் சொல்வார்.’

கவனித்தீர்களா? எனக்கு ‘ர்’ போட்டிருக்கிறாள்.

“நான் எப்போடி சொன்னேன்?” என்று சண்டைக்குப் போனேன்.

“நேத்துகூட அம்மாகிட்ட போன்ல ‘பிளம்பர் வந்தானா?’ன்னு கேட்டியே. ஸ்பீக்கர்லதான இருந்துது.”

கேட்டேன்தான். நம் வீடுகளில் தினமும் கேட்கிற கேள்விதான் அது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த மிஸ்ஸைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர் சொன்னார்: “ஆண்பால் ஒருமைக்கு ‘அவன்’. இலக்கணப்படி சரிதான் சார், தப்புன்னு போட முடியாது. ரைட் போடவும் மனசு வரலை. அதான் கேட்டு வெச்சேன். எந்த வருஷமும் இப்படித்தான். இந்தப் பாடத்தை நான் நடத்தறதுக்கு முன்னாடியே வீட்ல நடத்தி முடிச்சிருப்பாங்க.”

“அப்புறம் என்னதான் செய்வீங்க?”

“வாக்கியத்தைத் திருப்பிப் போடச் சொல்வேன். அந்த வாட்ச்மேன் உங்கப்பாவைப் பத்தி அவர் வீட்ல பேசினா எப்படிப் பேசுவார்? எழுதுன்னு சொல்வேன். எல்லாப் பிள்ளைகளும் ‘அவர்’னுதான் எழுதும். அப்புறம் ரெண்டு வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கச் சொல்வேன். அவ்வளவுதான். நான் ஒண்ணும் லெக்சர் அடிக்கறதில்லை.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நானும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்க நன்றாகவே இல்லை.

‘வயசுக்குத்தான் மரியாதை’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பொய். எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. நான் போகிற கிளினிக்கில் டாக்டருக்கு முப்பதுகூட இருக்காது. முன்னவர் ‘அவன்’, பின்னவர் ‘அவர்’. படிப்புக்குக் கொடுக்கும் மரியாதை என்பீர்களா? அதே படிப்பு படித்துவிட்டு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு நாம் ‘ர்’ போடுவதில்லை. ஆளைப் பார்க்கிறோம், அவர் போட்டிருக்கும் சட்டையைப் பார்க்கிறோம், அவரால் நமக்கு ஆக வேண்டியது என்ன என்று பார்க்கிறோம். அரை விநாடியில் மனசு ஒரு தராசைத் தூக்கி நிறுத்துப் பார்த்துவிடுகிறது. பிரதிப்பெயர் என்பது அந்தத் தராசு கொடுக்கும் ரசீது.

இதற்குப் பழைய சரித்திரமும் இருக்கிறது. கிராமத்தில் பண்ணையார் வீட்டு ஐந்து வயசுப் பையன், வயலில் வேலை செய்யும் அறுபது வயசுக்காரரை ‘வாடா’ என்று கூப்பிடலாம். அவர் அந்தப் பையனை ‘வாங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். சாதி என்ற சொல்லையே உச்சரிக்காமல் சாதியைக் காப்பாற்றிய இரண்டு எழுத்துகள் அவை. இப்போது நாம் அடுக்குமாடிக்குக் குடிவந்துவிட்டோம். ‘இங்கே யார் சாதி பார்க்கிறார்கள்?’ என்கிறோம். ஆனால் அந்த ‘ன்’னும் லிஃப்டில் ஏறி நம்மோடு மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது.

இதில் இலக்கணத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. ‘அவர்’ என்பது அடிப்படையில் பலர்பால். பல பேரைக் குறிப்பது. ஒரே ஒரு ஆளை அப்படிச் சொல்வது முறைப்படியான இலக்கணத்தில் வராது, உலக வழக்கில் உயர்வு கருதிச் சொல்வது என்று தொல்காப்பியரே ஒரு சூத்திரத்தில் சொல்லிவிட்டார். அதாவது, கலெக்டருக்கு நாம் போடும் ‘ர்’ரே இலக்கணத்தின் சலுகையில் வந்ததுதான். அவரும் ஒரு ஆள்தானே? ஜனங்கள் சொல்லிச் சொல்லி அந்தச் சலுகை வந்தது. ஜனங்கள் கலெக்டருக்குக் கொடுத்ததைப் பிளம்பருக்கும் கொடுத்தால் தொல்காப்பியர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

‘அப்படியானால் நீ, அவன், அவள் எல்லாம் கெட்ட வார்த்தைகளா?’ என்று கேட்பீர்கள். இல்லை. விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது.

கடவுளை நாம் ‘அவன்’ என்கிறோம். ‘அவன் பார்த்துப்பான்’ என்று மேலே கையைக் காட்டுகிறோம். அம்மாவை ‘நீ’ என்கிறோம். முப்பது வருஷ நண்பனிடம் ‘நீங்க’ என்று பேசினால் ஏதோ சண்டை என்று அர்த்தம். பச்சைக் குழந்தையை ‘அது தூங்குது’ என்று கொஞ்சுகிறோம். அதே ‘அது’வை ஒரு திருநங்கையைப் பார்த்துச் சொல்லும்போது மனுஷக் கூட்டத்திலிருந்தே அவரை வெளியே தள்ளுகிறோம். 2014-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களை மூன்றாம் பாலினம் என்று அங்கீகரித்துத் தீர்ப்பு சொன்ன பிறகும் இந்த ‘அது’ தெருவில் கேட்கிறது. கொஞ்சுகிற சொல்லும் கேவலப்படுத்துகிற சொல்லும் ஒன்றே. வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த மிஸ்ஸின் ‘திருப்பிப் போடு’ வித்தைதான் அதற்கு வழி. 1960-ல் ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் ஆல்பர்ட் கில்மன் என்பவரும் சேர்ந்து இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். ஐரோப்பிய மொழிகளில் இருக்கும் நீ, நீங்களை வைத்து அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரே மாதிரி கூப்பிட்டுக்கொண்டால் அங்கே இருப்பது நெருக்கம், அல்லது சமமான மரியாதை. ஒருவர் ‘நீ’ என்று சொல்லி, மற்றவர் ‘நீங்கள்’ என்றுதான் திருப்பிச் சொல்ல முடியும் என்றால் அங்கே இருப்பது அதிகாரம்.

நான் படித்தது பி.காம். முதல் வருஷமே மண்டையில் ஏற்றிய பாடம் இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கேயோ தில்லுமுல்லு. ‘நீ’யும் அப்படித்தான். என் மகள் என்னை ‘நீ’ என்கிறாள், நானும் அவளை ‘நீ’ என்கிறேன். கணக்கு நேராகிவிட்டது. நான் பிளம்பரை ‘நீ’ என்கிறேன். அவர் என்னை ‘நீ’ என்று சொன்னால் அடுத்த தடவை வேறு பிளம்பரைக் கூப்பிடுவேன். அப்படியானால் என் ‘நீ’யில் அன்பு எவ்வளவு, அதிகாரம் எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது.

இந்தக் கணக்கை வீட்டுக்குள் போட்டுப் பார்க்கும்போது இன்னும் சங்கடம். என் மனைவி என்னை ‘நீங்க’ என்கிறாள். பாருங்கள், ‘என்கிறாள்’ என்று எழுதிவிட்டேன்! என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது ‘அவரு’ என்பார். நான் ‘அவ’ என்பேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்ட லெட்ஜர் அது. இதைச் சொன்னபோது மனைவி சிரித்துவிட்டு, “இப்போ என்ன, நான் ‘நீ’ன்னு கூப்பிடட்டுமா?” என்று கேட்டார். கூப்பிட்டும் பார்த்தார். ஒரு விநாடி எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அந்தச் சுருக்கில்தான் அந்த லெட்ஜரின் உண்மையான பாக்கித் தொகை எனக்குத் தெரிந்தது.

இன்னொரு பழைய பாக்கியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன் ஒரு நாளிதழில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காமர்ஸ் படித்தவன் என்று பைனான்ஸ் மோசடிச் செய்திகளை என் தலையில் கட்டுவார்கள். ஒரு ராத்திரி என் பக்கத்தில் இரண்டு செய்திகள். மேலே, பல கோடி ரூபாய் டெபாசிட்டைச் சுருட்டியதாக ஒரு நிதி நிறுவன அதிபர் ‘கைது செய்யப்பட்டார். நெஞ்சு வலிப்பதாக அவர் கூறியதால்’ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். கீழே, இரண்டு சைக்கிள் திருடியதாக ஒரு வாலிபர் ‘பிடிபட்டான். அவனிடம் போலீஸார் விசாரித்து வருகின்றனர்.’

புரூஃப் பார்க்கும் பெரியவர் இரண்டையும் வட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, ரெண்டு பேர் மேலயும் குற்றச்சாட்டுதான். கோர்ட் இன்னும் ஒண்ணும் சொல்லலை. ஒரு ‘ர்’ வாங்க எத்தனை கோடி அடிக்கணும்?”

“அப்படித்தான் சார் போடற வழக்கம்” என்றேன். பக்கம் அப்படியே அச்சுக்குப் போயிற்று. தூக்கம் கலையாமல் நான் சொன்ன அந்த ஒரு வரி, கோர்ட்டுக்கு முன்னாலேயே அந்தப் பையனுக்கு நான் எழுதிய தீர்ப்பு. அதிபருக்கு மட்டும் ஜாமீன்.

‘குற்றவாளிக்கெல்லாம் மரியாதையா?’ என்று சிலர் கேட்கலாம். தண்டனை கொடுக்கச் சட்டப் புத்தகம் இருக்கிறது. இலக்கணப் புத்தகத்தை வைத்தும் அடிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அப்படி அடித்தே ஆக வேண்டும் என்றால், சைக்கிளுக்கும் கோடிக்கும் ஒரே அடியாக அடிக்க வேண்டும்.

‘வெறும் வார்த்தைதானே சார், இதில் என்ன இருக்கு?’ என்பவர்களுக்கு ஒரு நிஜச் சம்பவம். 1963-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு கோர்ட். மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண், சிவில் உரிமைப் போராட்டக்காரர், கூண்டில் நிற்கிறார். அரசு வக்கீல் அவரை மொட்டையாக ‘மேரி’ என்று கூப்பிடுகிறார். வெள்ளைக்காரர்களுக்குத் தாராளமாகக் கிடைத்த ‘மிஸ்’, ‘மிஸ்டர்’ எல்லாம் அந்தக் காலத்து தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவர்களுக்குக் கிடையாது. ‘மிஸ் ஹாமில்டன்’ என்று முறையாகக் கூப்பிடும்வரை பதில் சொல்ல முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். கோர்ட் அவமதிப்பு என்று ஐந்து நாள் ஜெயில், ஐம்பது டாலர் அபராதம். விவகாரம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்வரை போனது. 1964-ல் அந்தத் தண்டனை ரத்தானது. வெறும் வார்த்தைக்காக யாராவது ஜெயிலுக்குப் போவார்களா? வெறும் வார்த்தை என்றால், அந்த வக்கீல் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே?

சரி, எல்லோரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி? உலகத்தில் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். இங்கிலீஷில்கூட ஒரு காலத்தில் ‘தவ்’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய குவேக்கர் கூட்டத்தாரும், கடவுள் முன் எல்லோரும் சமம் என்று சொல்லி நீதிபதிகளைக்கூட ‘தவ்’ என்று அழைத்தார்கள். அவர்கள் அடியும் சிறையும் பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியில் இங்கிலீஷ் எதிர்த்திசையில் போனது. ‘தவ்’ வழக்கொழிந்து எல்லோருமே ‘யூ’ ஆகிவிட்டார்கள். ஸ்வீடன் கீழே இறங்கியது. 1967-ல் அந்நாட்டு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லோரையும் ‘டூ’, அதாவது நீ, என்றுதான் அழைக்கப்போவதாக அறிவித்தார். அவரையும் அவர்கள் அப்படியே அழைக்கலாம். நாடு முழுவதும் அது பரவியது.

நமக்கு எது சரிப்படும்? கலெக்டரைப் பார்த்து ‘நீ’ என்று சொல்லும் நாள் பக்கத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் மேலே ஏற்றுவதுதான் நமக்கு வழி. அதற்கு முன்மாதிரியும் நம் ஊரிலேயே உண்டு. பெரியார் தன்னைவிட எத்தனையோ வயது சிறியவர்களையும் ‘வாங்க’ என்றுதான் அழைப்பார் என்று அவருடன் பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதனால் பெரியவர்களின் மரியாதை அங்கே குறைந்து போய்விடவில்லை.

இதெல்லாம் யோசித்து முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வந்தார். எட்டு வருஷமாக வருபவர். என்னைவிடப் பெரியவர், காதோரம் முழுக்க நரை. வழக்கமாக ‘வாப்பா, என்ன லேட்டு?’ என்பேன். அன்றைக்கு, “வாங்க, சிங்க்குக்குக் கீழ கசியுது, கொஞ்சம் பாருங்க” என்றேன்.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன சார், என் மேல ஏதாவது கோவமா?”

“இல்லையே, ஏன்?”

“இல்ல... வாங்க போங்கன்னு பேசறீங்களே. வேற ஆள் பார்த்துட்டீங்களோன்னு நெனச்சேன்.”

எட்டு வருஷத்து ‘நீ’க்குப் பிறகு என் ‘நீங்க’ அவருக்குக் கணக்கை முடிக்கிற மாதிரி கேட்டிருக்கிறது. என் மனசாட்சியின் வசதிக்காக அவர் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் மகளின் நோட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிங்க்குக்கு அடியில் படுத்தபடியே சிரித்தார். “அதுக்கெதுக்கு சார் இவ்ளோ கஷ்டம்? பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்.”

எனக்கு அவர் பெயர் தெரியாது.

என் போனில் அவர் ‘பிளம்பர் 2’. பிளம்பர் 1 நம்பரை மாற்றிவிட்டார். பெயருக்குப் பதிலாக வருவதுதான் பிரதிப்பெயர் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னிடம் பதில் மட்டும் எட்டு வருஷமாக இருந்தது, பெயர் இல்லை. கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். கூலியைக் கொடுக்கும்போது ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி வழக்கமாகப் போடும் பேரமும் அன்றைக்கு என் வாயில் வரவில்லை. ‘வாங்க’ என்று சொல்லிவிட்டுக் கூலியைக் குறைப்பது, ‘வாடா’ என்று சொல்லிவிட்டு முழுசாகக் கொடுப்பதைவிட மோசம் என்று தோன்றியது.

இன்று ராத்திரி நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். போனை எடுத்து, அதில் எத்தனை பேர் ‘இஸ்திரி’, ‘தண்ணி கேன்’, ‘எலக்ட்ரீஷியன் புதுசு’ என்று இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களைப் பற்றி வீட்டில் நீங்கள் பேசும் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நேற்று ராத்திரி கேட் பூட்டியிருந்தது. எரிச்சலில், “இந்த வாட்ச்மேன் எங்க போனா...” என்று ஆரம்பித்துவிட்டேன். பின்சீட்டிலிருந்து மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“...ரு” என்று முடித்தேன்.